முப்பத்தோராம் எண் கிணற்றின் கசிவு

வடகோடிக் கோமி குடியரசின் ஷோர்கோர்த் ஊரில், பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் பாய்லரை எரிக்கும் நிக்கனோர் ரோச்செவ், ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உறைந்துகிடந்த சேர்யூ ஓடையின் பனிக்கட்டியில் துளை போட்டு மூன்று மீன் பிடித்துவந்தான். கிளாஃபிரா சூப் வைத்தாள். ஒரு வாய் குடித்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"உன் கையில மண்ணெண்ணெய் ஏதாவது பட்டுச்சா?"

"இல்லையே."

"அப்ப மீனுதான் குடிச்சிருக்கு."

சூப் நாய்க்குப் போனது. நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நிக்கனோர் ஓடையோரமாகவே மேலே நடந்தான். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் முப்பத்தோராம் எண் எண்ணெய்க் கிணறு வந்தது. அவன் பிறப்பதற்கு முன்பே தோண்டியது. துருப்பிடித்த இரும்பு, துருப்பிடித்த வால்வு, வால்வின் கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. கீழே குட்டை கட்டி, குட்டையிலிருந்து கோடு போட்டதுபோல ஓடைக்கு இறங்கியிருந்தது.

இருபத்தாறு வருஷமாக வால்வுகளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஒழுகாமல் அடைக்க உள்ளே சுற்றியிருந்த பேக்கிங் கயிறு மக்கிவிட்டது. புதுக் கயிறு நாலு சுற்று, இரண்டு நட்டு இறுக்கம். சிகரெட் பிடிக்கிற நேரத்தையும் சேர்த்து இருபது நிமிஷ வேலை. கயிறு பாய்லர் அறை அலமாரியிலேயே இருக்கிறது.

ஆனால் கிணறு அவனுடையது அல்ல. அடுத்தவர் பொருளில் கை வைத்துப் பழக்கமில்லாதவன். உரியவர்களிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அது பெரிய தப்பு என்று சொல்லிவிட முடியாது. சொல்லப் போனான், அவ்வளவுதான்.

கம்பெனிக்குத் தொலைபேசி போட்டான். எதிர்முனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"முப்பத்தொண்ணா? அது எண்பத்தேழாம் வருஷமே மூடியாச்சுங்க."

"மூடின கிணறு ஒழுகுதும்மா."

"மூடின கிணறு ஒழுகாதுங்க."

"நான் நேர்ல பார்த்தேன்."

"நான் கம்ப்யூட்டர்ல பாக்கறேன்."

மாவட்ட நிர்வாகத்தில் மக்கள் கருத்துத் துறை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் வலேரி அர்க்காதியிச் ஸ்துகாலின், நிக்கனோரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கையை உயர்த்தினார்.

"இங்க சொல்லிடாதீங்க. வீணாப் போயிடும். ஜூன் மாசம் உங்க ஊர்லயே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. அங்க வந்து மனசு விட்டுப் பேசுங்க."

நிக்கனோர் ஜூன் மாதம்வரை மனசைச் சேர்த்து வைத்துக்கொண்டான். கிணறு சொட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஊருக்கு வெளியே போடப்போகும் புதிய குழாய்ப் பாதை பற்றிய கூட்டம். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கருத்தின் வகை' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: ஆதரவு, நிபந்தனையுடன் ஆதரவு, வருத்தத்துடன் ஆதரவு. நிக்கனோர் வெகுநேரம் யோசித்துவிட்டு வருத்தத்தில் குறி போட்டான்.

ஸ்துகாலின் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பான ஷோர்கோர்த் மக்களே! உங்க கருத்துதான் எங்களுக்கு உயிர். போன வருஷம் மட்டும் பதினெட்டாயிரத்து நானூறு கருத்து கேட்டிருக்கோம். கருத்து கேக்கறதுல குடியரசுலயே நம்ம மாவட்டம் ரெண்டாவது இடம். கேட்ட கருத்து ஒண்ணைக்கூட நாங்க தூக்கிப் போட்டதில்ல. எல்லாத்தையும் அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கோம். ஒண்ணுகூட வெளிய போயிருந்தா என்னைக் கேளுங்க!"

கைதட்டினார்கள். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். நிக்கனோர் எழுந்தான்.

"சேர்யூல எண்ணெய் ஓடுது. முப்பத்தோராம் கிணறு ஒழுகுது. பேக்கிங் மாத்தணும்." உட்கார்ந்துவிட்டான்.

ஸ்துகாலின் முகம் சுருங்கியது. மரியாதைக்குத் தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். "நிக்கனோர் லுகிச், இது கருத்து இல்லையே. இது தகவல்."

"ஆமா."

"இது கருத்துக் கேட்புக் கூட்டம். தகவலை நான் எந்தப் பத்தியில எழுதறது? எண்ணெய் ஓடறதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க, அதைச் சொல்லுங்க."

"ஓடக் கூடாதுன்னு நினைக்கறேன்."

"அருமை! எழுதிக்கங்க. ஒரு கருத்து. எதிர்மறை. உணர்ச்சிவசப்பட்டது."

"நான் உணர்ச்சிவசப்படலையே."

"அதையும் எழுதிக்கங்க. ரெண்டு கருத்து."

தகவலைத் தர வேண்டிய இடம் வேறு, அது தூரத்து நகரத்தின் நீர் ஆய்வகம் என்று பிறகு தெரிந்தது. அங்கே மாதிரி கேட்டார்கள்: கண்ணாடிப் பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர். வீட்டில் மூன்று லிட்டர் கண்ணாடி என்றால் கிளாஃபிராவின் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிதான். கழுவி, ஓடையில் முக்கி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஆறு மணி நேரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. தண்ணீரில் உப்பும் பூண்டும் சதகுப்பை இலையும் இருக்கின்றன. மூன்றும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கின்றன. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'மாதிரியின் மேல்பகுதி பிசுபிசுப்பாக இருந்தபடியால், கருவியின் நலன் கருதி வழித்து அகற்றப்பட்டது.'

கிளாஃபிரா அறிக்கையை இரண்டு தடவை படித்தாள். "ஜாடியைத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அதானே."

இரண்டாம் வருஷம் தலைநகரிலிருந்து 'வடக்கின் மூச்சு' என்கிற சுற்றுச்சூழல் இயக்கத்தார் வந்தார்கள். அதில் வெரோனிகா என்று ஒரு பெண். நல்ல பெண், அதில் சந்தேகமே இல்லை. கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் கிணறுவரை நடந்துவந்த முதல் ஆள் அவள்தான். கறுப்புக் குட்டையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். நிக்கனோருக்கு ஒரு மாதிரியாக ஆகிவிட்டது. இனி முடிந்துவிடும் என்று நினைத்தான்.

"கயிறு என்கிட்டயே இருக்கு, ஸ்பானரும் இருக்கு. நீங்க அனுமதி மட்டும் வாங்கிக் குடுத்தாப் போதும். இருபது நிமிஷம்."

வெரோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் கை வைத்தாள். "நிக்கனோர் லுகிச், நாம பேக்கிங் அளவுல யோசிக்கக் கூடாது. கொள்கை அளவுல யோசிக்கணும். இந்த ஒரு கிணத்தை அடைச்சுட்டா மக்கள் பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுடுவாங்க."

"தீர்ந்துடும்ல?"

"அதுதான் ஆபத்து."

படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். கலைமான் தோல் அங்கி போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அவனிடம் பஞ்சு வைத்த சட்டைதான் இருந்தது.

"நான் மான் மேய்க்கறவன் இல்லம்மா. பாய்லர் எரிக்கறவன்."

"எதுல எரிக்கறீங்க?"

"பிர்ச் விறகுல. எரிவாயுக் குழாய் ஊரை ஒட்டித்தான் போகுது. எங்கயோ வெளிநாட்டைச் சூடு பண்ணப் போகுது. எங்களுக்கு இணைப்புக் குடுத்தா விறகை விட்டுடலாம்."

வெரோனிகா குறிப்பேட்டை மூடினாள். "எரிவாயுவையும் நாம எதிர்க்கறோம். விறகையும் எதிர்க்கறோம். பாய்லரைப் பத்திப் பேச வேண்டாமே. இந்த ஓடையோட உங்களுக்கு இருக்கற ஆத்ம உறவைப் பத்திச் சொல்லுங்க."

"மீன் பிடிப்பேன்."

"அப்புறம்?"

"சூப்பு வைப்பா."

தலைநகரில் நடந்த எரிசக்திக் கொள்கை மாநாட்டுக்கு அவனை அழைத்துப்போனார்கள். கலாசார மன்றத்து நடனக் குழுவிடமிருந்து அங்கி இரவல் வாங்கியிருந்தார்கள். முழங்கையில் சலங்கை தைத்திருந்தது. மாநாட்டுக் கூடத்தில் எரிவாயுச் சூடு அமோகமாக இருந்தது. நான்கு நாள் தோலுக்குள் வேர்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் ஏற்றினார்கள். தாய்மொழியிலேயே பேசச் சொன்னார்கள். அவன் கோமி மொழியில், "பேக்கிங் கயிறு மக்கிப்போச்சு, மாத்தணும்" என்றான். சலங்கை ஒலித்தது. மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "மண்ணோடு நம்மைக் கட்டியிருந்த கயிறு இற்றுவிட்டது என்கிறார்."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

அதிலிருந்து காரியங்கள் வேகம் பிடித்தன. மாவட்ட நிர்வாகமும் கம்பெனியும் ஒரு ஆராய்ச்சி நிலையமும் 'வடக்கின் மூச்சு'ம் சேர்ந்து ஐந்து வருஷத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கிணறு தன்னுடையது அல்ல என்று கம்பெனி சொல்லிக்கொண்டே திட்டத்தில் சேர்ந்தது. கசிவைக் கண்காணிக்கக் கிணற்றருகே கூரை வேய்ந்த மேடை கட்டினார்கள். உட்கார்ந்து கண்காணிக்கப் பெஞ்சும் போட்டார்கள். வாரம் ஒருமுறை யாராவது வந்து சொட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். நிமிஷத்துக்கு நாற்பத்தொன்று. நிமிஷத்துக்கு நாற்பத்துநாலு. எண்ணுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் நிக்கனோர் கயிறு பற்றிச் சொன்னான். பிறகு சிலரிடம் மட்டும் சொன்னான். பிறகு விட்டுவிட்டான். கோபம் வந்ததா என்று கேட்டால், முதல் வருஷம் வந்தது. அப்புறம் பல் பிடுங்கப் போட்ட ஊசிபோல ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

மூன்றாம் வருஷம் அக்டோபரில் மாடு செத்தது. மிலுஷா என்று பெயர். கன்றாக வாங்கிவந்து கிளாஃபிரா ஊட்டி வளர்த்தது. மேயப் போன இடத்தில் ஓடையில் குடித்திருக்கிறது. இரண்டு நாள் வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வந்து, இறப்பின் காரணம் என்ற இடத்தில் 'மாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிக்கனோர் குழி வெட்டினான். கிளாஃபிரா அழவில்லை. பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நாள் காலையும் அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று பாய்லருக்கு விறகு போட்டுவிட்டு நிக்கனோர் அலமாரியைத் திறந்தான். கயிற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குப் போனான். நட்டு துருவேறியிருந்ததால் இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. சொட்டு நின்றது. சந்தோஷம் வருகிறதா என்று பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் பார்த்தான். வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எண்ண வந்தவர் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதினார். வியாழக்கிழமைக்குள் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அவசரக் கருத்துக் கேட்புக் கூட்டம் கூடியது. இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு கூட்டம் கூடியதை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

முதலில் கம்பெனி வழக்கறிஞர் எழுந்தார். "முப்பத்தோராம் கிணறு எண்பத்தேழாம் வருஷமே மூடப்பட்டது. மூடப்பட்ட கிணத்தை மறுபடி மூடறது சட்டப்படி குத்தம். அப்ப நடுவுல அது திறந்திருந்துச்சுன்னு ஆயிடுதே. எங்க பேரு என்னாகறது?"

ஸ்துகாலின் வருத்தமாகப் பேசினார். "நிக்கனோர் லுகிச், நாங்க யாரும் கசிவு வேணும்னு சொல்லல. கசிவை ஒழிக்கத்தான் ராத்திரி பகல்னு பாராம உழைக்கறோம். ஆனா ஒழிக்கற திட்டம் நடந்துக்கிட்டிருக்கறப்ப நீங்க பாட்டுக்கு ஒழிச்சுட்டா, நாங்க எதை ஒழிக்கறது? அஞ்சு வருஷத் திட்டத்துல இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு. மூணு வருஷமும் பூஜ்யம்னு எழுதறதா? மக்கள் எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நான் மாட்டைப் புதைச்சேன்" என்றான் நிக்கனோர்.

"அது தகவல்."

வெரோனிகாவும் வந்திருந்தாள். அவனை நேராகப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் செப்டம்பர்ல வெளிநாட்டுத் தூதுக்குழு வருது, நிக்கனோர் லுகிச். இந்த ஓடையை நம்பித்தான் எரிசக்திச் சட்டத்துக்கே திருத்தம் கேட்டிருக்கோம். வந்து பாக்கறப்ப ஒண்ணுமே இல்லைன்னா... பழைய அளவு வேணாம். ஒரு அடையாளத்துக்கு, கொஞ்சமா..."

"எவ்வளவு?"

"நிமிஷத்துக்கு இருபது?"

"நாப்பதுக்குக் குறைஞ்சா கருவி காட்டாது" என்றார் ஆராய்ச்சி நிலையத்து ஆள்.

ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் காலணிகளைப் பார்த்தார்கள். மௌனம் ஆதரவாகப் பதிவானது. கசிவைத் 'தொடக்க நிலைக்கு மீட்டெடுக்க' வேண்டும், அடைத்தவரே அதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பள்ளிக்கூடத்துப் பாய்லர் நிர்வாகத்தின் சொத்து, அதற்கு வேறு ஆளும் கிடைப்பான் என்பதை ஸ்துகாலின் யாரையும் குறிப்பிடாமல் சொல்லி முடித்தார்.

"செய்யப் போறியா?" என்று கிளாஃபிரா கேட்டாள்.

"போய்ட்டு வர்றேன்."

கிணற்றுக்குப் போனான். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சிகரெட் பிடித்தான். வால்வைத் தொடவில்லை. நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், 'மீட்டெடுக்கப்பட்டது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இருபத்தொன்பது வருஷ வேலையில் அவன் போட்ட முதல் பொய்க் கையெழுத்து.

அதன்பின் எண்ண வந்தவர்கள் தாளைப் பார்த்து நாற்பது என்று எழுதினார்கள். செப்டம்பரில் தூதுக்குழு வந்தது. மேடையில் கூரைக்கடியில் நின்று பழைய கறையைப் பார்த்தார்கள். ஸ்துகாலின் பேசினார், வெரோனிகா பேசினாள், வெளிநாட்டார் தலையை ஆட்டினார்கள். யாரும் ஓடைக்கு இறங்கவில்லை. சேர்யூவில் எண்ணெய் அளவு வரம்பைவிட முப்பத்தெட்டு மடங்கு என்று அறிக்கை வந்தது. கரையில் பலகை நட்டார்கள்: 'நஞ்சு நீர். குடிக்காதீர், குளிக்காதீர், மீன் பிடிக்காதீர்.' கிளாஃபிரா பலகைக்கு அந்தப் பக்கம் வாளியை வைத்துத் தேநீருக்குத் தண்ணீர் மொண்டாள். மீன் திரும்பி வந்திருந்தது. விதியை மீறி மீன் பிடித்ததற்காக நிக்கனோருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மடித்து, பாய்லர் பற்றவைக்க வைத்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த மார்ச்சில், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வாத்யோல் ஊரிலிருந்து யெஃபிம் கானெவ் என்கிறவன் பனிவண்டியில் வந்தான். நிஜமாகவே மான் மேய்க்கிறவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாய்லர் அறை வாசலில் நின்றான்.

"நிக்கனோர் லுகிச் நீங்கதானே? எங்க பக்கம் குழாய் வெடிச்சுப் போச்சு. ஆறு பூரா எண்ணெய். நிர்வாகத்துல போய்ச் சொன்னேன். மாவட்டத்துக்கு ஒரு கசிவுதான் பதிவு பண்ண முடியுமாம். அது உங்க ஊர்ல ஏற்கெனவே இருக்காம்."

"எங்க ஊர்ல இல்ல."

"தாள்ல இருக்கே. உங்களைப் பாத்தா விவரம் தெரியும்னு சொன்னாங்க."

தான் போட்ட கையெழுத்து நிக்கனோருக்குத் தெரியாமலே பதினெட்டு கிலோமீட்டர் தாண்டிப் போய் வேலை செய்திருப்பது மெதுவாகப் புரிந்தது. விறகைப் பார்த்துக்கொள்ளக் கிளாஃபிராவிடம் சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறினான்.

வாத்யோலில் பெரிய குழாய் ஆற்றைத் தாண்டும் இடத்தில் கைமுஷ்டி நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. எண்ணெய் ஆவியோடு சீறிக்கொண்டு வந்தது. மேலே புதுப்பனி விழுந்து மூடியிருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு வெள்ளையாகத்தான் தெரிந்தது. கரையில் ஒரு கலைமான் குட்டி வயிறுவரை கறுப்பாகக் கிடந்தது.

"உங்களுதா?"

"ம். இதோட ஆறு குட்டி."

நிக்கனோர் பையைத் திறக்கவேயில்லை. "இது கயித்துக்கு அடங்காது, யெஃபிம்."

"அப்ப?"

அவன் குழாயோடு நடந்தான். இருநூறு அடி தள்ளி, மேட்டில் பச்சை வண்ணம் பூசிய தகரக் கொட்டகை இருந்தது. பூட்டுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தார்கள். உள்ளே பெரிய வால்வு. வண்டிச் சக்கரம் அளவுக்குக் கைப்பிடி. மாவட்டத்தின் எண்ணெய் முழுக்க அதன் வழியாகத்தான் தெற்கே போகிறது.

"இதுல கை வச்சா உள்ள தள்ளிடுவாங்களே" என்றான் யெஃபிம்.

"தள்ளுவாங்க."

யெஃபிம் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் பிடித்தான். இருவரும் சேர்ந்து திருகினார்கள். அறுபத்து மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் குழாய்க்குள் ஏதோ முனகியது, பிறகு நின்றது. ஆற்றங்கரைச் சீறலும் நின்றது. கரைக்கு இறங்கிவந்து பனியில் உட்கார்ந்தார்கள். யெஃபிம் பையிலிருந்து மீன் வைத்த ரொட்டியைப் பிட்டுப் பாதி கொடுத்தான். நிக்கனோர் மென்றான். ருசி தெரியவில்லை, ஆனால் பசித்தது.

நாற்பது நிமிஷத்தில் ஹெலிகாப்டர் வந்தது.

ஆற்றின் வெள்ளைப் பரப்பில், சமதரை என்று நினைத்து இறங்கியது. கதவு முழுக்கத் திறப்பதற்கு முன்பே ஸ்துகாலின் குதித்தார். மேல்கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். கையில் படிவம் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தொப்பி பறந்ததைக்கூடக் கவனிக்காமல் ஆற்றுப் பனியில் விழுந்து எழுந்து அவர்களை நோக்கி ஓடிவந்தார், கரைக்குச் சற்று முன்னால் நின்றார்.

"என்ன ஆச்சு?" என்று கத்தினார். "நிக்கனோர் லுகிச், ஐயா, என்ன ஆச்சு?"

இந்த நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல எத்தனையோ வைத்திருந்தான். யெஃபிம் அவன் முகத்தைப் பார்த்தான்.

நிக்கனோர் கையை மட்டும் தூக்கி, ஸ்துகாலினின் காலைக் காட்டினான்.

ஸ்துகாலின் குனிந்து பார்த்தார். பனிக்கு அடியிலிருந்த எண்ணெயில் முழங்கால்வரை கறுப்பாகப் புதைந்திருந்தது. காலை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.